பிரபாகரனின் லேப்டாப்புக்கு வேகம் வந்த கதை

ஆரணியில் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அதைப் பெயர்ப்பலகையாக எழுதி, கீழே தன் போட்டோவையும் போட்டு வாசலில் மாட்டியவன் பிரபாகரன் ஒருவன்தான். சேலையின் கரையையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது அவன் தொழில். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டுத் தறியில் மாட்டுவார்கள். ஒரு கரைக்கு அவன் பத்து நாள் கேட்பான். அவசரப்படுத்தினால் பதினைந்து நாள் ஆகும்.

இத்தனைக்கும் காரணம் அவனுடைய லேப்டாப். பதினோரு வருஷத்துக்கு முன் வேலூரில் ஒருவர் உபயோகித்து அலுத்துப்போய் விற்றதை வாங்கி வந்திருந்தான். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு டீக்கடைக்குப் போவான். டீ குடித்து, பேப்பரில் ராசிபலன் வரைக்கும் படித்துவிட்டுத் திரும்பினால் திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். ஜவுளிக்கடை முதலாளிகள் எதிரில் உட்கார்ந்து அந்த வட்டத்தையே பயபக்தியோடு பார்ப்பார்கள்.

"உள்ள டிசைன் ரெடியாவுதுண்ணா," என்பான் பிரபாகரன், குரலைத் தாழ்த்தி. உண்மையில் உள்ளே விண்டோஸ்தான் ரெடியாகிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி புஷ்பலதா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு விண்ணப்பம் போடுகிறவளுக்கு அந்த வட்டத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாங்க, அதுல இருக்கிறது பழைய ஹார்ட் டிஸ்க்கு. தட்டு சுத்திச் சுத்தித் தேடிகினு கீது. அத்த எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டா சடார்னு தொறக்கும். எங்க சென்டர்ல ரெண்டு மெஷினுக்கும் போட்டாச்சு."

"உங்க சென்டர்ல வருமான சர்ட்டிபிகேட்டு போடுறீங்க. இது கலை. ரெண்டும் ஒண்ணா?"

"கலையா இருந்தா இன்னா? பொத்தான அமுக்கினா தொறக்க வேணாமா?"

"உள்ள இருக்கிறது அத்தினியும் என் மூளை. கை வச்சே, எல்லாம் போயிடும். சொல்லிட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டில் ஒரு கிரகப்பிரவேசம் வந்தது. தலைவலி என்று சொல்லி அவனை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினாள். பஸ் நகர்ந்ததும் தலைவலி விட்டுவிட்டது.

புது டிரைவைக் கைப்பையில் தயாராக வைத்திருந்தாள். ஒரு சீட்டுக்கட்டு அளவுதான், அதைவிட லேசு. ஒயர் போட்டு லேப்டாப்போடு இணைத்து, உள்ளே இருந்ததை ஒன்று விடாமல் நகலெடுக்க விட்டாள். அவன் சேத்துப்பட்டில் பாயசத்துக்கு மூன்றாவது தடவை டம்ளரை நீட்டிய நேரத்தில் நகல் முடிந்திருந்தது. சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பைக் கவிழ்த்து, பேட்டரியைக் கழற்றி, பதினோரு திருகுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்று தேய்ந்துபோய் வரமாட்டேன் என்றது. திருப்புளிக்கும் அதற்கும் நடுவில் ஒரு ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்பினாள், வந்துவிட்டது. உள்ளே விசிறியைச் சுற்றிப் பஞ்சு பஞ்சாகத் தூசி. செத்துப்போன கரப்பான் ஒன்றும் இருந்தது. 'இதுதான் இவர் மூளையா?' என்று நினைத்துக்கொண்டு துடைத்தாள். பழையதை உருவினாள், புதியதை அதே இடத்தில் சொருகினாள், மூடினாள். பன்னிரண்டே நொடியில் திரை வந்தது. நம்பாமல் அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை போட்டது வெறும் ஆசைக்கு.

சாயங்காலம் வந்தவனிடம், "உங்க டிசைன் ஒண்ணுகூடப் போவல. எண்ணிப் பாத்துக்குங்க," என்றாள்.

பிரபாகரன் கத்துவதற்காக வாயைத் திறந்தான். அதற்கு முன் நஷ்டத்தைப் பார்த்துவிடலாம் என்று பொத்தானை அமுக்கி, வழக்கப்படி டீக்கடைக்குப் போக ஒரு காலில் செருப்பை மாட்டினான். இரண்டாவது செருப்பு அவன் கையில் இருந்தபோதே லேப்டாப் திறந்துகொண்டது. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அவன் அதை அவசரமாக மூடி வைத்தான். ஏன் என்று அன்றைக்கு அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தெரிந்தது.

பெரிய கடை வைத்திருந்த குப்புராஜ் முதலில் வந்தார். ஆவணி முகூர்த்தத்துக்குக் கேட்ட கரை இன்னும் வரவில்லை என்று உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே எதிர்க்கடை சுப்பராயலு, அதே ஆவணி, அதே கேள்வி. இருவரும் இருபது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிர்த் திசையில் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

"கொஞ்சம் டைம் ஆவும்ணா, டீ சொல்றேன்," என்று பொத்தானை அமுக்கினான் பிரபாகரன். டீ வருவதற்குள், ஏன், டீ சொல்லுவதற்குள் திரை வந்துவிட்டது. கை பழக்கதோஷத்தில் டிசைன்கள் இருந்த இடத்தைத் திறந்துவிட்டது.

பழைய டிஸ்க் இருந்தவரை அங்கே படம் எதுவும் தெரியாது. வெள்ளைக் காகிதம் மாதிரி வரிசையாக நிற்கும். வேண்டியதை அவன் தட்டுவான், அது ஐந்து நிமிஷம் கழித்துத் திறக்கும், மற்றதெல்லாம் ரகசியம். இப்போது இருநூற்று நாற்பது படங்களும் ஒரே மூச்சில் திரையில் வந்து நின்றன. பெயரோடு. 'குப்புராஜ் ஸ்பெஷல்', 'சுப்பராயலு ஸ்பெஷல்', இன்னும் நாலு கடைகளின் ஸ்பெஷல். எல்லா ஸ்பெஷலிலும் ஒரே மாங்காய், அதன் மேல் ஒரே கிளி.

குப்புராஜ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"பிரபா, இந்தக் கிளி என்னுது இல்ல?"

"இன்னாது, உன்னுதா?" சுப்பராயலு நாற்காலியைத் திருப்பிவிட்டார். "போன தீவாளிக்கு எனக்கு மட்டும்னு சொல்லி இவன் குடுத்த கிளிப்பா அது!"

"அது வேறங்க," என்றான் பிரபாகரன். "உங்களுது லெப்ட்டு பாக்குது. அண்ணனுது ரைட்டு பாக்குது."

இருவரும் அவனை அடித்திருப்பார்கள். அதற்குள் சுப்பராயலுவின் கண் கீழ்வரிசைக்குப் போய்விட்டது. பிரபாகரன் வாழ்க்கையில் நேர்மையாக இருந்த ஒரே இடம் ஃபைலுக்குப் பெயர் வைப்பது. 'சுப்பராயலு கடை முந்தி, குப்புராஜ் அண்ணா திருட்டு போட்டோ' என்று ஒன்று இருந்தது. அதை ஒட்டியே 'குப்புராஜ் கடை புட்டா, சுப்பராயலு சார் யாருக்கும் சொல்லாதே என்றது' என்று இன்னொன்று.

இவர் கடை டிசைனை அவரும், அவர் கடை டிசைனை இவரும் காப்பியடிக்கக் கொடுத்திருந்தார்கள். திட்ட வேண்டியவர்கள் இருவருமே திட்டு வாங்க வேண்டியவர்களாகவும் இருந்தபடியால் ஆரம்பிக்க ஆளில்லை. கடைசியில் குப்புராஜ் லேப்டாப்பைப் பார்த்து முறைத்தார்.

"இது இன்னா இவ்ளோ ஜல்தியா தொறக்குது? முன்ன நல்லாத்தான இருந்துச்சு?"

"நான்தாங்க எஸ்.எஸ்.டி. போட்டேன்," என்றாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புஷ்பலதா, கொஞ்சம் பெருமையாகவே.

"நல்லா இருந்த மெஷின பேஜார் பண்ணிட்டியேம்மா," என்றார் சுப்பராயலு. இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் குப்புராஜ் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்.

தங்கள் பெயரில் இருப்பதையெல்லாம் அப்போதே அழிக்கச் சொன்னார்கள். அழிந்தது. குப்பைத்தொட்டியிலிருந்தும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். பழைய டிஸ்க் எங்கே என்று குப்புராஜ் கேட்டார். புஷ்பலதா அலமாரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட, சுப்பராயலு அந்தப் பையைப் பிடித்துக்கொண்டார். சுப்பராயலு வாங்கிக்கொள்ளக் குப்புராஜ் விடவில்லை. யாரிடமும் யாரும் கொடுக்க மனசில்லாமல், கடைசியில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் ஏறி, டிஸ்க்கை நடுவில் வைத்துக்கொண்டு, இரும்புக்கடைக்குப் போய்ச் சம்மட்டியால் நசுக்கிவிட்டு வந்தார்கள். எதிர்க்கடைக்காரர்கள் இருவரும் ஒரே பைக்கில் போவதைப் பார்த்த ஊர், சம்பந்தம் பேசுகிறார்கள் என்று நினைத்தது.

பதினொரு மணிக்கு விஷயம் கடைத்தெருவுக்குத் தெரிந்தது. அதற்குமேல் வரிசையாக வந்தார்கள். ஏமாந்துவிட்டேன் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. "என் போல்டர அழிச்சிடு தம்பி" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் மட்டும், அழிப்பதற்கு முன் அடுத்தவருடையதைப் பார்க்கலாமா என்று செல்போனை எடுத்தார். பின்னால் நின்றவர்கள் அவரை வெளியே தள்ளினார்கள். புது டிரைவ் கேட்ட மாத்திரத்தில் அழித்தது. இரண்டு மணிக்குள் பிரபாகரனின் பதினோரு வருஷ மூளை சுத்தமாகிவிட்டது.

ஆவணிக் கரை மட்டும் பாக்கி. கட்டம் போட்ட வெள்ளைத் திரை அவன் எதிரே தயாராக நின்றது. சுற்றுவதற்கு வட்டம் இல்லை, டீக்கடைக்குப் போகச் சாக்கும் இல்லை. ஒரு கோடு போட்டான். உடனே விழுந்தது. அழித்தான், உடனே அழிந்தது. சாயங்காலம் புஷ்பலதா வந்து பார்த்தபோது திரையில் ஒரு பறவை இருந்தது.

"இது இன்னாங்க?"

"மயிலு."

"கழுத்து சுளுக்கின கோழி மாதிரி கீது."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். நீ போய்க் காபி போடு."

கோபம் வந்தாலும் அன்றைக்கு அவன் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. விரல் வலித்தது. தான் வரைந்து எவ்வளவு காலமாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டான். கோழிக்குக் கழுத்து நீண்டது, வால் குறைந்தது, கால் ஒன்று மறைந்தது. நாலாம் நாள் குப்புராஜுக்குப் போன் போட்டு வரச் சொன்னான். பத்து நாள் கேட்கவில்லை.

குப்புராஜ் வந்து நெடுநேரம் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"இத்த வேற யாருக்காவது குடுத்துக்கிறியா?"

"இத்த வேற யாரும் கேக்க மாட்டாங்கண்ணா."

குப்புராஜுக்கு முகூர்த்தம் நெருங்கிவிட்டிருந்தது. இனி வேறு ஆளிடம் போய்க் கேட்க அவருக்கு நேரமில்லை. "சரி, பேரு இன்னா வைக்கிறது?" என்றார்.

பிரபாகரன் திரையைப் பார்த்தான். மயில் என்று சொல்ல நா எழவில்லை.

"அன்னம்னு வச்சிக்கலாம்ணா," என்றான். "அன்னத்த யாரு பாத்தது?"

குப்புராஜ் டிசைனைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, அட்டை அடிப்பவர் வீட்டைப் பார்க்க நடந்தார்.