பீச்சாங்கை நூடுல்ஸ்

…கண்ணில் ஒரு குறையும் சொல்ல முடியாது, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற கண், ஒவ்வொன்றிலும் மூன்று வெள்ளைப் பொட்டு, அனிமேக்கு, அந்த ஜப்பான் கார்ட்டூனுக்கு, உசிரே அந்தப் பொட்டில்தான் என்று தேவதர்ஷினி எவனிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வாள், மேகமும் அப்படித்தான், வெள்ளிமலை பஸ் ஜன்னலில் பார்த்த அதே மேகம், பாலேடு மாதிரி திரண்டு, அடியில் மட்டும் லேசாக ஊதா, அதற்குக் கீழே ரெட்டைச் சடைப் பெண் நூடுல்ஸை ஃபோர்க்கில் தூக்கிப் பிடித்திருக்கிறாள், முட்டைத் துணுக்கு மினுங்குகிறது, ஆவி பறக்கிறது, நாலு நாளாகச் செவரில் வரைந்த வேலை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இப்படி ஒரு செவர் வேறு எந்த பாஸ்ட் ஃபுட் கடைக்கு இருக்கு, காட்டு பார்ப்போம்… எல்லாம் சரி, கைதான். கடைக்கார அய்யனார் அண்ணன் நாலு மணிக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டாரே, "இன்னா பாப்பா, பீச்சாங்கையால துன்னுது?"

அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது, நாலு நாளாக ஏணியில் ஏறி இறங்கியவளுக்கு! "செல்பி பாத்து வரைஞ்சேண்ணா, போன் திருப்பிக் காட்டிடுச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அத்தெல்லாம் எனுக்குத் தெரியாது, அஞ்சு மணிக்கு ஜனம் வந்துடும், சாப்புடற எடத்துல இதப் பாத்தா மூஞ்சி சுளிப்பாங்க, கைய மாத்து, இல்லன்னா சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போய்க்கினே இருப்பேன்." வாளியையும் கொண்டுவந்து வைத்துவிட்டார், சுண்ணாம்பாம், சுண்ணாம்பு, அந்த மேகத்தின் மேலேயா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பயமெல்லாம் இல்லை, ஒரு கையை அழித்து இன்னொரு கையைப் போட அவளுக்கு அரைமணி போதும், தோல் நிறத்தைக் கலக்க ஆரம்பித்தாள், பிரஷ் எப்போதும்போல இடது கையில், வரைகிறது இடது, தின்கிறது வலது, அது அம்மா போட்ட சட்டம். சின்ன வயசில் இடது கை விரல்களில் வேப்பெண்ணெய் தடவிவிடுவாள் அம்மா, வாயில் வைத்தால் குடலே புரட்டும், ஒரே மாசத்தில் சோறு வலது கைக்கு வந்துவிட்டது, படம் போடறதெல்லாம் ஒரு வேலையா என்று அதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை, நல்லவேளை, பிழைத்தது… அந்த அம்மாதான் இன்றைக்கு வடக்கனந்தலில் கரும்பு வெட்டை முடித்துவிட்டு நேராக வரப்போகிறாள், மகள் வரைந்த செவரை முதன்முதலாகப் பார்க்க, வந்ததும் இந்தக் கையையா காட்டுவது?

விரல் மடிப்பைச் சரிபார்க்க போனில் அந்தப் போட்டோவை எடுத்தாள், போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தது, வூட்டில் ஒரு ஈ காக்கா இல்லை, பார்சல் நூடுல்ஸ், தண்ணிச் சொம்பில் சாய்த்து வைத்த போனில் அனிமே, அவள் கதைக்காகவா பார்க்கிறாள், கதை கிடக்கட்டும், சோற்றை எப்படி வரைந்திருக்கான் பார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள், அன்றைக்கும் அப்படி நிறுத்திவிட்டு, டைமர் வைத்து எடுத்த படம்… பின்னால் அரிசி மண்டி காலண்டர் தொங்குகிறது, எழுத்து நேராக இருக்கிறது. நேராகவா? போன் திருப்பியிருந்தால் எழுத்தும் திரும்பியிருக்க வேண்டாமா? பெரிதாக்கிப் பார்த்தாள். பதினேழு பதினேழாகவே இருக்கிறது. போன் எதையும் திருப்பவில்லை. ஃபோர்க் அவளுடைய இடது கையில்தான் இருக்கிறது, அவ்வளவு பாந்தமாக, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல. அப்படியென்றால் யாரும் இல்லாதபோதெல்லாம்… தினமுமா? கண் படத்தில், வாய் ருசியில், கை அதன் பாட்டுக்கு… அடிப்பாவி! பக்கென்று சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது. தோல் நிற டப்பாவை இறுக்கி மூடினாள், வரைந்தது தப்பே இல்லை, உள்ளதைத்தான் வரைந்திருக்கிறாள். மாஸ்டர் தமிழழகன் அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்து, வாணலியை ஒரு தட்டு தட்டினான். "அண்ணா, ஒரு முட்டை நூடுல்ஸ், காரம் ஜாஸ்தி" என்றாள்.

தட்டு வருவதற்கும் அம்மா ஆயம்மாள் வருவதற்கும் சரியாக இருந்தது. ஆயம்மாள் புடவையில் கரும்புச் சோகை ஒட்டியிருக்க, செவருக்கு முன்னால் நின்று மேகத்தைப் பார்த்தாள், அடியில் இருந்த ஊதாவைப் பார்த்தாள், அந்தப் பெண்ணிடம் வந்ததும் நின்றுவிட்டாள். அய்யனார் வாளிப் பக்கம் ஒரு எட்டு வைத்தார். "இன்னும் மாத்தலயா பாப்பா?" மாத்த மாட்டேன் என்று சொல்லத் தேவதர்ஷினி வாயைத் திறப்பதற்குள் அம்மா சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "எதுக்குங்க மாத்தணும்? அப்பிடியே எம்பொண்ணாட்டமே துன்னுது."

அய்யனார் செவரைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். தேவதர்ஷினி குனிந்தாள், ஃபோர்க் இடது கையில் இருந்தது, எப்போது எடுத்தோம்… அது போகட்டும், அம்மா எப்போது பார்த்தாள்? சன்னல் வழியாகவா, கதவிடுக்கிலா, எத்தனை வருஷமாக? வேப்பெண்ணெய் பாட்டில் இன்றைக்கும் அலமாரியில்தானே இருக்கிறது, பார்த்துக்கினே இருந்தவள் அதை ஏன் மறுபடி எடுத்துத் தடவவே இல்லை?