அத்தானின் தரிசனம்

ஓவியக் கண்காட்சி மேடையில் என் அக்காவின் கணவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ஓவியம் நாம் வரைவதல்ல, நமக்குள் தானாக இறங்குவது என்றார். கூட்டம் உருகியது. அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய படம் நான் வரைந்தது.

அக்கா வீட்டின் பின்னறையில்தான் நான் வரைவேன். படம் முடிந்ததும் அதைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்துவிட்டு, சில நாள் அந்தப் பக்கமே போகமாட்டேன். என்ன வரைந்தோம் என்பது மறந்தால்தான் பிழை கண்ணில் படும். அப்படிச் சாய்த்து வைத்திருந்ததைத்தான் அத்தான் இருந்தபடியே தூக்கிப்போய், அடியில் கூசாமல் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

விஷயம் தெரிந்த அன்றே அக்காவிடம் ஓடினேன். "அவரு போய் உன் படத்தை எடுப்பாரா? பொறாமையில வாய்க்கு வந்ததைப் பேசாதே" என்றாள். அதோடு என்னிடம் பேச்சையும் நிறுத்திவிட்டாள். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், அவள் நம்பியாக வேண்டும். அந்தப் படத்தை அவள் இன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறாள், அதுவும் தலைகீழாக.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்தேன். தன் குழியை அவரே நன்றாக ஆழமாகத் தோண்டட்டும், தள்ளிவிட நான் இருக்கிறேன்.

"உச்சியில ஒரு வெளிச்சம் இருக்கே, அது எப்படி வந்துச்சு அத்தான்?"

"தியானத்துல வந்ததும்மா. எங்கேயும் இருட்டு. மேலேர்ந்து பேரொளி இறங்குது. அதான் சத்தியம். சத்தியத்தைப் பார்த்தவனுக்குத்தான் அழகு பிடிபடும்."

"வெளிச்சத்துக்குள்ள ரெண்டு கறுப்புத் திட்டு இருக்கே?"

"அதுவா... ஒண்ணு பாவம், ஒண்ணு புண்ணியம்."

"எது பாவம்?"

"வளைஞ்சு கோணலா இருக்கே, அது."

இதற்காகத்தான் காத்திருந்தேன். மேடையேறி, படத்தைக் கழற்றி, நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். பேரொளி தரைக்கு வந்தது. இருட்டு, சாத்திய கதவாயிற்று. கதவின் அடியில் கசிந்த விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல். இடது பாதம் உள்பக்கமாக வளைந்திருந்தது.

சிறுவயதில் எங்கள் இருவரையும் படுக்கவைத்துக் கதவைச் சாத்தியபின் அம்மா போகமாட்டாள். எங்கள் குசுகுசுப்பு அடங்கும்வரை வெளியே நிற்பாள். எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்த கால் அவளுக்கு. பாயில் படுத்தபடி கதவிடுக்கில் அந்த நிழலைப் பார்த்ததும் அக்கா என் வாயைப் பொத்துவாள். அம்மா இறந்தபின் நான் எவ்வளவோ கும்பிட்டுப் பார்த்தேன், தியானமும் செய்தேன். மனம் நிறைந்தது அந்தக் கதவிடுக்கை வரைந்தபோதுதான். எனக்குக் கிடைத்த தரிசனம் தரையோரத்தில் இருந்தது. அதைத்தான் இந்த மனிதர் பாவம் என்கிறார்.

அப்போதும் அத்தானின் வாய் சும்மா இருக்குமா? "கலையில மேல் ஏது, கீழ் ஏது..." என்று சமாளிக்கத் தொடங்கினார்.

அக்கா முன்வரிசையிலிருந்து எழுந்துவிட்டாள். அவள் கண் அந்த வளைந்த நிழலைவிட்டு நகரவில்லை. பாயில் படுத்துக்கொண்டு என் காதில் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"அம்மா நிக்கிறாங்க."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பேசாதீங்க."