சாயங்காலப் பாதி

பிப்ரவரியில் செய்த அந்தப் பாலாடைக்கட்டி வட்டைப் பெர்நாங் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மலையில் பாலாடைக்கட்டிக்குத் தரம் பார்ப்பவர் அவர்தான். உள்ளே பிளவு இருந்தால் ஓசை வெற்றாக வரும். நிலவறைப் படியில் என் மனைவி ஒதிலின் அக்கா மர்த் நின்றிருந்தாள். மூன்று மாதத்தில் அன்றுதான் வந்திருந்தாள்.

"கொஞ்சம் மூச்ச அடக்கும்மா. கட்டி பேசுறத விட நீ விடுற மூச்சுதான் கேக்குது" என்றார் பெர்நாங்.

எங்கள் கட்டியின் நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடும். அது எப்படி வந்தது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஒதில் ஆளுக்கொரு கதை சொல்வாள். பனி வழியை மூடிய ஒரு நாள், ஒரு வீட்டில் மாலைப் பால் ஒரு வட்டுக்குப் போதவில்லை. திரைந்ததை அச்சில் பரப்பி, அது காய்ந்துபோகாமல் அண்டாவின் அடிக்கரியைப் பூசிவிட்டு, காலைப் பாலுக்குக் காத்திருந்தார்கள். இதுவரை எல்லாக் கதையும் ஒன்றுதான். அந்த வீட்டில் இருந்தவர்கள்தான் மாறுவார்கள். ஒரு நாள் இரண்டு சகோதரிகள். ஒரு நாள் பேச்சு நின்றுபோன கணவன் மனைவி. மாலைப் பாதி அவளுடையது, காலைப் பாதி அவனுடையது. அப்புறம் பேசிக்கொண்டார்களா என்று கேட்டால், "வெட்டிப் பாத்து நீங்களே சொல்லுங்க" என்பாள்.

இப்போது எல்லாரும் கரித்தூளைச் சலித்துத் தூவுகிறார்கள். ஒதில் அண்டா அடியில் உள்ளங்கையைத் தேய்த்து, திரைந்த பாலின்மேல் அப்படியே பதிப்பாள். கடைசிப் பதிப்பில் மட்டும் கையைச் சற்று நேரம் எடுக்கமாட்டாள்.

இந்த வட்டைச் செய்த அன்று மாலையும் அப்படித்தான் பதித்தாள். காலையில் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். பனியில் மருத்துவர் வந்துசேர நண்பகல் ஆனது. அதற்குள் பசுக்கள் கத்தத் தொடங்கிவிட்டன. நான் போய்க் கறந்தேன். காய்ச்சினேன். உறை ஊற்றினேன். திரைந்ததை அள்ளி அவள் கை பதிந்த இடத்தின்மேல் வைத்து அழுத்துப்பலகையை இறக்கினேன். எப்படிச் செய்தேன் என்று நினைவில்லை. என் கைகளுக்கு நினைவிருந்திருக்கலாம். "தங்கச்சி கட்டில்ல கெடக்கா, இவனுக்குப் பால் முக்கியம்" என்று அடக்கத்தன்று மர்த் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

பெர்நாங் சுத்தியலை வைத்தார். மெல்லிய இரும்புக் குழாயைச் செருகி, திருகி எடுத்தார். விரல் அளவு மஞ்சள் துண்டு. நடுவே முடிபோல ஒரு கறுப்புக் கோடு. துண்டை வளைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் விட்டுப் பிரியவில்லை.

"நல்லாப் பிடிச்சிருக்கு, தம்பி."

குழாய் அவள் கையில் எந்த இடத்தில் இறங்கியதோ.

மர்த் படியிறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அவ கை உள்ள அப்படியே இருக்கும்ல? பிளந்து ஒரு தடவ பாத்துடலாமா?"

பெர்நாங் வேண்டாம் என்று தலையசைத்தார். ஒட்டியதைப் பிரித்தால் கரி இரண்டு பக்கமும் இழுபடும், பார்க்க ஒன்றும் மிஞ்சாது, இருந்தாலும் உங்கள் கட்டி, உங்கள் விருப்பம் என்றார். கட்டி வெட்டும் கம்பியை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

வட்டு பிளவுபட்டிருந்தால், அன்று காலை என் கையும் தவறியது என்றாவது இருந்திருக்கும் என்று மூன்று மாதமாக எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

துண்டின் நுனியைக் கிள்ளி மர்த்திடம் கொடுத்தேன். அவள் தின்னவில்லை, பிடித்துக்கொண்டாள். மீதியைத் துளையில் செருகி, விரலால் தேய்த்து மூடினேன். வட்டைத் திருப்பிப்போட வேண்டிய நாள் அது. நான் ஒரு பக்கம் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மர்த் மறுபக்கம் பிடித்தாள்.

திருப்பினோம். சாயங்காலப் பாதி மேலே வந்தது. அதன்மேல் வைத்த கையை மர்த் எடுக்கவில்லை.