குட்டி எந்த நாட்டுச் சரக்கு?

1.

கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் வணிக ஒத்துழைப்பு பற்றி என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். இரண்டாவது பத்தியில் ஓர் ஆடு புகுந்து குட்டி போட்டுவிட்டது. இனி அது கட்டுரையாகத் தேறாது.

தொடக்கம் ஒன்று: 'சுங்கத் தீர்வைகள் நீங்கியதன் விளைவாக எல்லை கடந்த வணிகமானது...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

தொடக்கம் இரண்டு: மகன் கல்யாணத்துக்குப் பரிசமாகப் பேசிய சினையாட்டை ஓட்டிக்கொண்டு, உகாண்டாவிலிருந்து கென்யாவுக்குப் போகும் எல்லைச் சாவடிக்கு அசெகெனியே வந்து சேர்ந்தாள்.

இது நடக்கும்.

2.

மகன் ஓபொலொட் அந்தப் பக்கம் லாரி மெக்கானிக். வேலை தேடிப் போனவன் பெண்ணும் தேடிக்கொண்டான். மாடுகளை முன்னமே கொடுத்தாயிற்று. பாக்கி இந்த ஆடு ஒன்றுதான். மத்தியானம் விருந்து. இதையும் கொடுத்துவிட்டால் பிள்ளை முழுசாக அவர்கள் வீட்டுக்காரன் ஆகிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. வரிசையில் நகராமல், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டே நின்றாள்.

ஆடு அவ்வளவு நேரம் பொறுக்கவில்லை. இப்போதெல்லாம் இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூடத்தில்தான் ஆளுக்கொரு மேசை போட்டு உட்காருகிறார்கள். அந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவில் படுத்து, ஈன்றுவிட்டது.

3.

உகாண்டா மேசையிலிருந்து ஒகிரோர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அனுமதிச் சீட்டுல ஒரு ஆடுதானே இருக்கு?"

"கெளம்பும்போது ஒண்ணுதான்யா."

கென்யா மேசையில் செப்குவோனி. "உகாண்டாவுல பொறந்த சரக்குக்குத்தான் வரி கெடையாது. இது எங்க பொறந்துச்சுன்னு நான் எழுத?"

"ஆட்டோட தலை உங்க பக்கம்தான் இருந்துச்சு" என்றார் ஒகிரோர்.

"குட்டி வந்தது வால் பக்கமாத்தானேய்யா? அப்ப உங்க ஊர்க்காரன்தான். நீயே வச்சுக்க!"

வரிசை முழுக்கச் சிரித்தது.

(செப்குவோனியை முசுடாக எழுதத்தான் உத்தேசித்திருந்தேன். பார்த்தால், மனிதர் தன் கைக்குட்டையை எடுத்துக் குட்டியின் மூக்கைத் துடைத்துவிடுகிறார். 'முசுடு' என்ற சொல்லை அடித்துவிட்டேன்.)

4.

பெண்ணின் அத்தை நமால்வா விருந்து வீட்டிலிருந்து மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"உகாலிக் களி ஆறிப் போகுது சம்பந்தி! நீ இங்க பிரசவம் பாத்துக்கிட்டு நிக்கிறியா?"

"பேசுனது ஒரு ஆடு. குட்டி என்னுது" என்றாள் அசெகெனியே.

"தாயி எங்களுதுன்னா வயித்துல இருந்ததும் எங்களுதுதான்."

"உங்க கைக்கு வர்றதுக்கு முந்தியே பொறந்துருச்சு!"

செப்குவோனிக்குப் பொறுமை போயிற்று. "பால்குடியத் தாயிகிட்டருந்து பிரிச்சு எழுத எனக்கு மனசு வரல. ரெண்டும் சேர்ந்து ஒரே ஆடு. ஓட்டிக்கிட்டுப் போங்கம்மா."

ஒகிரோரும் தலையாட்டினார். வழி திறந்தது. அசெகெனியே அசையவில்லை.

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்ன இருக்கு?"

அவள் ஆட்டைச் சொல்லவில்லை என்பது கூடத்தில் நின்ற எல்லாருக்கும் புரிந்தது. நமால்வாவின் குரல் இறங்கிவிட்டது.

"சரி, குட்டி உன்னுது. பால்குடி மறக்கற வரைக்கும் எங்க வீட்டுல நிக்கட்டும். நீ வந்து வந்து பாத்துட்டுப் போ."

அசெகெனியே தோள்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

5.

முடிவு ஒன்று: 'இவ்வாறாக மண்டல ஒத்துழைப்பு மக்களின் வாழ்வில்...' (கட்டுரை மறுபடி எட்டிப் பார்க்கிறது. விரட்டிவிட்டேன்.)

முடிவு இரண்டு: குட்டி வளர்ந்தது. அசெகெனியே அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு... (இதுவும் இல்லை. அவள் கூட்டிக்கொண்டு போகவே இல்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அடுத்த வாரம் ஒகிரோர் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"என்ன விஷயமாம்மா போறீங்க?"

"ஆடு பாக்க."

அதற்கடுத்த வாரமும் அதே பதில். மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகும் அதேதான். ஒருநாள் ஒகிரோர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கொம்பே மொளச்சிருக்குமேம்மா இந்நேரம்?"

"இன்னும் பால்குடி மறக்கலைய்யா" என்றாள், கண் இமைக்காமல். கையில் மகனுக்குப் பிடித்த வேர்க்கடலைக் குழம்பு, இன்னும் சூடாக.

பயணத்தின் நோக்கம் என்ற இடத்துக்கு நேரே ஒகிரோர் ஏதோ எழுதிச் சிரித்தபடி முத்திரை குத்தினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் என்ன எழுதுவீர்கள்?