கொள்ளுத்தாத்தாவுக்கு நாலடிக் கல்

எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் படம் எடுக்க ஒருவன் விமானம் ஏறி வந்தான் என்றால் நம்புவீர்களா? வந்தான். எனக்குத் தம்பி முறை வேறு.

வெள்ளைக்காரன் சர்க்கரை ஆலை நடத்திய காலத்தில் கூலிகளுக்கென்று கட்டிய வரிசைவீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. ஓர் அறை, ஓர் அடுப்படி, குனிந்தால்தான் நுழைய முடிகிற ஒரு வாசல். துரை போய்விட்டான், ஆலையையும் மூடியாயிற்று, ஓடு மட்டும் அன்றைக்குப் போட்டதுதான். மழை வந்தால் என் மகளுக்கு இழுப்பு வந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும், கூரை என்றால் என்னவென்று.

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அரசாங்கம் உதவி கொடுக்கிறது. வீட்டு வசதி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். கிளார்க் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, அந்த வீட்டில் குடியிருப்பவர் என் கொள்ளுத்தாத்தா என்றார்.

"அவரு செத்து அறுபது வருஷமாச்சு சார்."

"இதுல சாகலையேம்மா. மூத்த வாரிசு கையெழுத்துப் போட்டாத்தான் இடிக்கலாம்."

மூத்த வாரிசு என்றால் கொள்ளுத்தாத்தாவின் மூத்த மகன் வழி. அந்த மனுஷன் வாலிப வயதிலேயே கப்பலேறி, துரையின் நாட்டுக்கே போய் நன்றாக இருந்துவிட்டார். நாங்கள் இளைய மகன் வழி, ஓட்டுக்கடியிலேயே கிடந்துவிட்டோம். மூத்தவரின் பேரனைத் தேடிப் பிடித்து விவரம் எழுதினேன். "என் பூர்வீகத்தைப் பாக்க வர்றேன் அக்கா" என்று பதில் போட்டான்.

வந்தவன் வாசல் மண்ணை அள்ளி முத்தமிட்டான். அந்த இடத்தில்தான் அடுத்த வீட்டுக் கோழி... சரி, விடுங்கள்.

தங்கினது எங்களோடு இல்லை, டவுனில், ஏசி ரூமில். காலையில் வந்தால் கேள்வி மேல் கேள்வி. "துரை எதால அடிப்பான் அக்கா? பசியில எத்தனை பேர் செத்தாங்க?" எனக்கு எப்படித் தெரியும்? பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே என்று இரண்டு அடியைக் கூட்டியே சொன்னேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒழுகுகிற இடத்திலெல்லாம் குண்டான், சட்டி, வாளி என்று கையில் கிடைத்ததை வைத்தேன். அவன் குனிந்து காது கொடுத்துக் கேட்டான். "ஒவ்வொண்ணும் ஒரு சுருதியில விழுது அக்கா. என்ன ஒரு இசை!" மூலையில் என் மகள் இழுத்த மூச்சும் அவன் வீடியோவில் பதிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன். கையெழுத்து வேண்டுமே.

மறுநாள் அவனை அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கிளார்க் ஃபார்மை நீட்டினார். தம்பி பேனாவைத் திறந்தான், 'இடிக்க' என்ற சொல்லைப் பார்த்தான், மூடிவிட்டான்.

"இதை எப்படி அக்கா இடிக்கிறது? நம்ம முன்னோர் பட்ட பாட்டுக்கு இதுதானே சாட்சி. ஒரு ஓட்டைக்கூட மாத்தக் கூடாது."

"அந்தச் சாட்சி உன் மருமக மேலதான்டா ஒழுகுது!"

"உணர்ச்சிவசப்படாதீங்க. வேணும்னா கொள்ளுத்தாத்தா பேருல ஒரு கல்வெட்டு வைக்கிறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்திருப்பேன். கிளார்க் தொண்டையைக் கனைத்தார். "கையெழுத்து இல்லேன்னா ஒண்ணும் நடக்காதும்மா. தானா விழுந்த வீடுன்னா வேற ஃபார்ம், அதுல நீங்களே கையெழுத்துப் போடலாம். உங்க வீடுதான் விழலையே!" நிஜமாகவே வருத்தப்பட்டார்.

நான் தம்பி பக்கம் திரும்பினேன். "எவ்வளவு பெரிய கல்லு தம்பி?"

"ஒரு அடிக்கு ஒரு அடி."

"அவ்வளவு பாடுபட்ட மனுஷனுக்கு ஒரு அடியா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க? நாலடிக் கருங்கல்லா வை."

அவன் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இப்பத்தான் அக்கா என்னைப் புரிஞ்சுக்கிட்டீங்க."

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கல்லுக்கு அலைந்தான். கல்லும் வந்தது. 'இவ்வீடு மாற்றமின்றிப் பாதுகாக்கப்படும்' என்று தங்க வண்ணத்தில் வெட்டியிருந்தது. கொத்தனார் முன்சுவரை விரலால் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"அக்கா, இது ஆணியே தாங்காது."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் வரிசைவீட்டில் பிறந்தவர்தான். "சரி, கொஞ்சம் ஆழமாவே துளை போட்டுடறேன்" என்றார்.

முந்தின நாளே பாத்திரம், பாய், அரிசி, இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் மரத்தடிக்கு மாற்றிவிட்டு, மகளை எதிர் வரிசையில் ஒரு வீட்டில் விட்டிருந்தேன். ஏன் என்று தம்பி கேட்டதற்கு, "ஆளுங்க வந்தா நிக்க இடம் வேணும்ல" என்றேன்.

நாலாவது போல்ட்டை முறுக்கிவிட்டுக் கொத்தனார் துள்ளி விலகினார். போட்டோவில் கல் முழுசாக விழ வேண்டும் என்று தம்பி எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னான். வந்ததிலிருந்து அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். கல் மெல்ல முன்னால் சாய்ந்தது. அதோடு சுவர் வந்தது, சுவரோடு கூரையும் வந்தது.

சிரிப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். புழுதி அடங்கியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் பிறந்த அறை, அம்மா கண்ணை மூடிய அறை. விடிந்தால் எழுந்தால் திட்டித் தீர்த்த வீட்டுக்காக நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தம்பி கேமராவை என் பக்கம் திருப்பினான். என்ன நினைத்தானோ, இறக்கிவிட்டான்.

"அக்கா, இனிமே நீங்க எங்க இருப்பீங்க?"

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தேன். "வந்த நாள்லேர்ந்து செத்தவங்களைப் பத்தியே கேட்டே. உயிரோட இருக்கிறவங்களைப் பத்தி இப்பத்தான்டா கேக்கறே. எதிர் வரிசையில போன வாரமே இடம் சொல்லி வச்சாச்சு. வா, இந்தப் பெட்டியை அந்தப் பக்கம் பிடி."

பிடித்தான். நாலு எட்டு வைத்ததும் நின்றான்.

"போன வாரமேவா?"

"கனமா இருக்கு, பேசாம நட" என்றேன்.