சிலுவையம்மாள் கரண்டி எண்ணிய மதியம்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை எனக்கு ஒரு விபூதிப் பொட்டலத்தால் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஜெரி ராயபுரத்துக் கத்தோலிக்கன். அவன் ஒருநாள், "அண்ணா, திருவொத்தியூர் கோயில் பக்கம் போனா விபூதி ரெண்டு பொட்டலம் வாங்கியாங்க, அம்மாவுக்கு" என்றான். உங்கம்மா எப்போ மதம் மாறினாங்க என்று கேட்டேன். "அவங்க மாறல. கரண்டி தேய்க்கிறதுக்கு" என்றான்.

அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். 'ராயபுரத்தில் மாலை வெயில் வெள்ளியாய் உருகிக்—'

அடித்துவிட்டேன். ராயபுரத்தில் வெயில் உருகாது, நாம்தான் உருகுவோம்.

'வெள்ளி என்பது வெறும் உலோகமல்ல, அது—'

உலோகம்தான். இதையும் அடித்தாயிற்று. நேராக அந்த அம்மாளிடமே போய்விடலாம்.

2

சிலுவையம்மாள் ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் ஊரார் மூட்டைக்குச் சீட்டு ஒட்டி ஓய்வு பெற்றவள். ஆறு வருஷத்துக்கு முன்பு சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்கு ஜன்னல் கம்பி வாங்கப் போனாள். அங்கே பழைய கப்பல் சாமான் குவியலில் கரிக்கட்டை மாதிரி ஒரு முள்கரண்டி கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தேய்த்தால், கைப்பிடியின் முதுகில் கடுகளவு சிங்கம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் வெள்ளிக்குக் குத்தும் முத்திரை அது. ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்தில் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. போனில் பார்த்து இதைத் தெரிந்துகொண்ட அன்று அவளுக்குப் பித்துப் பிடித்தது. ஆறு வருஷத்தில் சேர்ந்தவை ஒன்பது முள்கரண்டி, எட்டு ஸ்பூன், ஒரு மீன் கத்தி, ஒரு குழம்புக் கிண்ணம், சர்க்கரைக் கட்டி எடுக்கும் இடுக்கி ஒன்று. (அந்த வீட்டில் சர்க்கரைக் கட்டி வாங்கியதே இல்லை. இடுக்கியால் அப்பளம் எடுக்கிறார்கள்.)

எல்லாம் தினப்படிப் புழக்கத்துக்குத்தான். உப்புமாவுக்கும் அதுதான், கஞ்சிக்கும் அதுதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர் இக்னேஷியஸ், பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"திருடன் வந்தான்னா இன்னா பண்ணுவ?"

"பூட்டி வெச்சா இந்த மணலி பேக்டரிக் காத்துக்கு ஒரே வாரத்துல கறுத்துப் பூடும். துன்னுகினே இருந்தாத்தான் பளபளன்னு கீது. திருடன் வந்தா அவனுக்கும் ஒரு ஸ்பூன போட்டு சோத்த வையி."

3

இனி வருவதுதான் கதை. ஜெரிக்கும் வியாசர்பாடி ரமாபாய்க்கும் நான்கு வருஷக் காதல். பெண் வீட்டார் சாதியை உதறிப் பௌத்தரானவர்கள். அப்பா பரசுராமன், பஸ் டிப்போவில் மெக்கானிக். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கவே அவர் இரண்டு வருஷம் யோசித்தார். (முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசை வைத்து, உறுமவும் வைத்திருந்தேன். "அவரு மீசையே வெக்கலண்ணா" என்றான் ஜெரி. உறுமலும் போயிற்று.)

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி கெங்கம்மாவோடும் மகளோடும் வந்தார். நண்டுக் குழம்பு. சிலுவையம்மாள் இருந்த வெள்ளியையெல்லாம் மேஜையில் பரப்பியிருந்தாள். பரசுராமன் முள்கரண்டியைப் பார்த்தார், நண்டைப் பார்த்தார். இரண்டுக்கும் கொடுக்கு இருந்தது. அவருக்குச் சங்கடமாகிவிட்டது, தங்களை மட்டம் தட்டத்தான் இதெல்லாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

அப்போது கெங்கம்மாவின் கண், போன மாதம் கிடைத்த குழம்புக் கிண்ணத்தின் மேல் விழுந்தது. ஒரு பக்கம் மூக்கு, ஒரு பக்கம் கைப்பிடி.

"இன்னாக்கா இது, கொயந்தைக்குப் பாலூத்துற பாலாடையா? இத்தாம் பெருசா?"

பரசுராமன் மகளைப் பார்த்தார். பிறகு ஜெரியை. பிறகு மறுபடியும் கிண்ணத்தை.

"எதுனா சேதி கீதா?" என்றார் மெதுவாக. "இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

இக்னேஷியஸுக்குப் புரையேறியது. ஜெரி சடாரென்று எழுந்து நின்றான். குற்றத்தை ஒப்புக்கொண்டது போலவே இருந்தது. "அது வெள்ளக்காரங்க கொயம்பு ஊத்திக்கிறதுங்க" என்று சிலுவையம்மாள் விளக்க விளக்கப் பரசுராமனின் முகம் இறுகியது.

ரமாபாய்தான் கிண்ணத்தைத் தூக்கி அப்பாவின் சோற்றில் ஊற்றினாள். "கொயந்த இல்ல நைனா. கொயம்பு. துன்னு."

பரசுராமன் சோற்றைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு அடங்கியதும் முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, நண்டின் காலைக் கையால் ஒடித்தார். மேஜை முழுக்க ஒடிக்கும் சத்தம்.

4

மூன்றரை மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். சிலுவையம்மாள் பாத்திரம் கழுவினாள். முள்கரண்டி ஒன்பது. ஸ்பூன் ஏழு.

மறுபடி எண்ணினாள். ஏழு.

போன கிறிஸ்துமஸுக்கு இக்னேஷியஸின் துறைமுகத் தோஸ்துகள் பன்னிரண்டு பேர் இதே மேஜையில் சாப்பிட்டார்கள். பாதிப் பேர் நிதானத்தில் இல்லை. அன்று அவள் எண்ணவில்லை. இந்த ஆறு வருஷத்தில் எந்த விருந்தாளி போன பிறகும் எண்ணியதில்லை. இன்றைக்குத்தான், வியாசர்பாடிக்காரர்கள் படியிறங்கின கையோடு, தன்னையறியாமல் விரல் விட்டு எண்ணியிருக்கிறாள்.

"இன்னா சிலுவ, எதுனா கொறையுதா?" என்றார் இக்னேஷியஸ் கூடத்திலிருந்து.

"ஒன்னும் கொறையல" என்றாள்.

(அம்மா அன்றைக்குக் கழுவுதொட்டிப் பக்கம் நின்று அழுதாள், ஏழு ஸ்பூனும் வெளியே கிடந்தன: இவ்வளவுதான் ஜெரி சொன்னது. எண்ணியதை நான்தான் எழுதினேன். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலும் தனி டம்ளர்கள் உண்டு.)

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஸ்பூன் நண்டு ஓட்டோடு குப்பையில் கிடைக்கிறது. இக்னேஷியஸே பீரோவில் ஒளித்திருக்கிறார். கெங்கம்மாவின் பையில் தவறுதலாக— மூன்றையும் கிழித்துப் போட்டேன். எப்படி எழுதினாலும் யாரையாவது சோதனை போட வேண்டியிருந்தது.

நடந்தது இது. விளக்கு வைக்கும் நேரத்தில் கெங்கம்மா போன் செய்தாள்.

"யக்கா, அவரு சரின்ட்டாரு. வர்ற ஞாயித்துக்கெயம நம்ம வூட்டுக்கு வந்துடுங்க. பாயாசத்துக்கு மட்டுந்தான் ஸ்பூனு, இப்பவே சொல்ட்டேன்."

"வரோம்" என்றாள் சிலுவையம்மாள். போனை வைக்கவில்லை. "கெங்கா, உங்கையில ஒன்னு சொல்லணும். நீங்க கெளம்பிப் போன பெறவு நான்—"

இந்த வாக்கியத்தைப் பதினோரு தடவை முடித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட அவள் குரலில் இல்லை. உங்களிடமே விடுகிறேன், முடித்துக்கொடுங்கள். அந்த எட்டாவது ஸ்பூன் எங்கே என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நான்காம் பகுதியிலிருந்து நீங்களும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.