மாப்பிள்ளை கார்டு ஆடுகிறார்

பையன் கார்டு ஆடுகிறான் என்று மனைவி ஜெரினா சொன்னதும் காஜா மொய்தீன் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். சீட்டாடுகிறவனுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்புகிற அளவுக்கு அந்தக் குடும்பத்துக்குத் தைரியம் வந்துவிட்டதா என்று கேட்டார். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் இருபத்தெட்டு வருடமாகக் கைலியும் துண்டும் மொத்தத்தில் விற்கிறவர். பள்ளிவாசல் கமிட்டியில் ஒருவர். வீட்டில் கேரம் போர்டுகூட வைத்துக்கொள்ளாதவர். அவர் திட்டி முடிக்கும்வரை ஜெரினா காத்திருந்தாள். பிறகு, சீட்டு இல்லை, பந்து என்றாள். கூடைப்பந்து. அதில் கார்டு என்று ஓர் இடம் இருக்கிறதாம். பையன் பெயர் சுஹைப். தகப்பனார் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். பையன் தண்டையார்பேட்டையில் கல்லூரிக் கடைசி வருடம். நம் உமைமா படிக்கிற அதே கல்லூரி.

கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னாள். காஜா மொய்தீன் மகளைப் பார்த்தார். உமைமா புள்ளியியல் மாணவி. கல்லூரி அணியின் ஆட்டங்களுக்கு மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவளும் அவள்தான் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் அப்பளத்தை உடைத்தபடியே, "நான் ஒண்ணும் சொல்லல அத்தா. நீங்க விசாரிங்க," என்றாள்.

விசாரிக்கச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் எதை விசாரிப்பது? பந்து நன்றாக ஆடினால் ஏதாவது கம்பெனியில் விளையாட்டுக் கோட்டாவில் எடுத்துக்கொள்வார்கள் என்று பெண் கேட்டு வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் நன்றாக ஆடுகிறானா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் என்று அவருக்கு அறிமுகமான ஒரே ஆள் ஜேக்கப்.

ராயபுரம் ஜேக்கப் ஆறடி மூன்றங்குலம். அந்தக் காலத்தில் பந்தாடியே ஹார்பரில் வேலை வாங்கி, கிரேன் பிரிவில் ஓய்வுபெற்றவர். கடையில் இருக்கிற எந்தக் கைலியும் அவருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும் என்பதால், குடியாத்தத்தில் சொல்லி அவருக்கென்று அகலம் கூட்டி வருடத்துக்கு நான்கு நெய்யவைத்துக் கொடுத்துவந்தார் காஜா மொய்தீன். அந்த நன்றிக்கடனாக ஜேக்கப் மறுவியாழனே கூட வருவதாகச் சொன்னார்.

கல்லூரி மைதானத்தில் சிமெண்டுப் படிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். இரண்டு அணியிலும் குட்டையாக இருக்கிறவன்தான் சுஹைப் என்று ஜேக்கப் காட்டினார். காஜா மொய்தீனுக்கு அங்கேயே மனசு சோர்ந்துவிட்டது. ஆட்டம் தொடங்கிய பிறகு இன்னும் சோர்ந்தது. பந்து என்னவோ எப்போதும் பையன் கைக்குத்தான் வந்தது. ஆனால் வந்த பந்தை அவன் கூடையில் போடவே இல்லை. தட்டித் தட்டிக் கொண்டுபோய் யாராவது ஒரு நெட்டையனிடம் கொடுத்தான். நெட்டையன் போட்டான், எல்லோரும் நெட்டையனுக்குக் கைதட்டினார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது சுஹைப் எடுத்தது இரண்டே புள்ளி.

"இன்னா ஜேக்கப்பு, கைக்கு வந்ததையெல்லாம் ஊருக்குத் தூக்கிக் குடுத்துகினு கீறான். இவன் எப்டிக் குடும்பம் பண்ணுவான்?"

"அதான் பாய் கார்டோட வேலை. யார் எங்க கீறான், எவன் கை சும்மா கீது, எவனுக்கு இப்பக் குடுத்தா போடுவான்னு பாத்துப் பாத்துக் குடுக்கணும். அவன் போட வேணாம். போட வெக்கணும்."

மூன்றாம் கால்பகுதியில் சுஹைப் ஒருபக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் பந்தை விட்டெறிய, அது போய் விழுந்த இடத்தில் ஒருத்தன் தயாராக நின்றிருந்தான். காஜா மொய்தீன் ஜேக்கப்பின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். இது மொத்த வியாபாரம் என்றார். சரக்கு இவனிடம் வருகிறது, எந்தக் கடையில் எது போகும் என்று தெரிந்து அங்கே அனுப்புகிறான், விற்றுப் பேர் வாங்குவது சில்லறைக் கடைக்காரன். இருபத்தெட்டு வருடமாகத் தான் செய்வதும் இதுதான், தனக்கும் யாரும் கைதட்டியதில்லை என்றார். ஜேக்கப் தொடையைத் தேய்த்துக்கொண்டார்.

ஒரு ஆட்டம் பார்த்து முடிவெடுக்க முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டு அடுத்ததற்கும் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். பெரம்பூரில் ஆடினாலும் போனார், ஆவடியில் ஆடினாலும் போனார். மாலை நான்கு மணிக்குக் கடை ஷட்டர் இறங்குவதைக் கண்டு பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று ஜெரினாவிடம் விசாரித்தார்கள். அவள் விசாரணை நடக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து ஆட்டம் ஆனபோது அவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பையன் பந்தைப் பறிகொடுக்க ஆரம்பித்திருந்தான். யாரும் பறிக்காமலே சிலசமயம் அவன் கையிலிருந்து பந்து நழுவிப் போயிற்று. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனி புதிதாக அணி அமைக்கிறது, ஒரே ஒரு கார்டு எடுக்கப்போகிறார்கள், அடுத்த புதன்கிழமை தேர்வு என்று ஜேக்கப் வேறு சொல்லியிருந்தார். தேர்வாளராக வரும் வல்லரசு ஜேக்கப்போடு ஒரே அணியில் ஆடியவர்தானாம். ஆனால் சிபாரிசு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதராம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் காஜா மொய்தீன் மகளைக் கூப்பிட்டு, நீதான் மேஜையிலேயே உட்கார்ந்திருக்கிறாயே, பையன் ஆட்டம் எப்படி என்று முதல்முறையாக நேரடியாகக் கேட்டார். உமைமா உள்ளே போய் ஒரு நீளமான நோட்டை எடுத்து வந்தாள். மகள் வெட்கப்பட்டு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு அவள் கட்டம் போட்ட பக்கங்களை விரித்துக் காட்டினாள். மைதானத்தைப் பார்க்கிற பார்வை நல்ல பார்வை என்றாள். இடது கை இருக்கிறதே தவிர உபயோகம் இல்லை, வலதுபக்கம் மறித்துவிட்டால் ஆள் திண்டாடுகிறான் என்றாள். பெரிய அணிகளுக்குத் தேறமாட்டான், நடுத்தர அணியில் கஷ்டப்பட்டு இடம் பிடிக்கலாம் என்றாள்.

காஜா மொய்தீனுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் ஆடுகிறவன் இந்த ஜில்லாவிலேயே எத்தனை பேர் என்று கேட்டார். பெண் கேட்டு வந்த பையனைப் பற்றி இப்படியா பேசுவது என்றார். ஜெரினா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"இன்னொண்ணும் கீது அத்தா," என்றாள் உமைமா. "போன மாசம் வரைக்கும் ஒரு மேட்ச்சுக்கு ஒண்ணு, ரெண்டு பந்துதான் பறிகுடுத்தாரு. இப்ப ஆறு, ஏழு. தேதி பாருங்க. நீங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்துதான்."

அவர் நோட்டைக் கையில் வாங்கித் தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பெரம்பூர், ஏழு. ஆவடி, ஆறு. நடுவில் ஒரு சனிக்கிழமை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்றைக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்று அவரை என்னவோ செய்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

புதன்கிழமை அவர் போகக்கூடாது என்று உமைமா சொல்லிவிட்டாள். அவளுக்கு அன்று பரீட்சை, அவளாலும் போக முடியாது. மீஞ்சூர்க் கடைக்குத் துண்டு ஏற்ற வேண்டியிருக்கிறது, காட்டுப்பள்ளி அந்தப் பக்கம்தான், ஜேக்கப்பை இறக்கிவிட்டு வாசலிலேயே நிற்கிறேன் என்று அவர் மகளிடம் கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கினார். மீஞ்சூர்க்காரருக்கு அந்தத் துண்டு அடுத்த வாரம் போனால் போதும் என்பதை அவர் சொல்லவில்லை.

குட்டி யானை சரக்கு வண்டியை அவரே ஓட்டினார். முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க ஜேக்கப் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்திருந்தார். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரைக்கும் கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. போய்ச் சேர்வதற்குள் தேர்வு தொடங்கிவிட்டிருந்தது. காவலாளி ஜேக்கப்பை மட்டும் உள்ளே விட்டார். காஜா மொய்தீன் மதில்சுவரை ஒட்டி வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

உள்ளே விசில் சத்தம் கேட்டது. பந்து தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. யாரோ ஓவென்று கத்தினார்கள், எதற்கென்று தெரியவில்லை. தஸ்பீஹ் மணிமாலையை எடுத்து உருட்டினார். எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. அரைமணி நேரம் பொறுத்தார். பிறகு இறங்கி வண்டியின் பின்பக்கம் ஏறினார். துண்டு மூட்டைகள்மேல் கால் வைத்து இன்னும் ஏறினார். மதில்சுவருக்கு மேலே முதலில் அவருடைய வெள்ளைத் தொப்பி தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு கண்.

சுஹைப் அப்போது பந்தைத் தட்டியபடி சுவர்ப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தான். தொப்பியைப் பார்த்தான். பந்து அவன் காலிலேயே பட்டு வெளியே உருண்டது. வல்லரசு கையிலிருந்த அட்டையில் ஏதோ எழுதினார். எழுதுவதைக் காஜா மொய்தீனும் பார்த்தார்.

குனிந்து மறைய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. குனிந்தால் மூட்டை சரியும் என்ற பயமும் இருந்தது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, நான் பாக்கல. கண்ண மூடிகினேன். நீ ஆடு."

மைதானத்தில் யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை நாளாக இந்த மனிதரின் முகத்தைப் படிகளில் பார்த்துப் பார்த்து பந்தை நழுவவிட்டுக்கொண்டிருந்த சுஹைப், சுவருக்கு மேல் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிற வருங்கால மாமனாரைப் பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக் குனிந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். அதற்குப் பிறகு ஆட்டத்தில் பத்து நிமிடம் மீதியிருந்தது.

அந்தப் பத்து நிமிடமும் காஜா மொய்தீன் கையை எடுக்கவே இல்லை. உப்புக்காற்று அடித்தது. கால் மரத்துப்போனது. ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்து, பெரியவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார். உள்ளே சத்தம் கூடிக்கொண்டே இருந்தது. ஒருமுறை விரலிடுக்கை லேசாகத் திறக்க நினைத்தார். நோட்டில் இருந்த ஏழும் ஆறும் ஞாபகம் வர, இன்னும் இறுக்கிக்கொண்டார். ஜேக்கப் வந்து காலைத் தொட்டபோதுதான் ஆட்டம் முடிந்தது தெரிந்தது.

ஒன்பது பந்து கொடுத்து ஒன்பதும் கூடையில் விழுந்ததாம். மதுரையிலிருந்து வந்த ஆறடிப் பையன் ஒருத்தன் கடைசி வரைக்கும் இவன் எந்தப் பக்கம் போவான் என்று தெரியாமலே சுற்றிக்கொண்டிருந்தானாம். வல்லரசு அட்டையில் எழுதியதை ஜேக்கப் எட்டிப் பார்த்திருந்தார். அவர் உயரத்துக்கு எட்டிப் பார்ப்பது சிரமமில்லை. பார்வை நன்று, துணிவு உண்டு, இடது கை மோசம், ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ளலாம். கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலை, மாலையில் பயிற்சி.

காஜா மொய்தீன் சந்தோஷத்தில் மீஞ்சூரை மறந்து வண்டியைத் திருப்பினார். வழியில் திருவொற்றியூரில் நிறுத்தி இரண்டு கிலோ லட்டு வாங்கினார். வீட்டு வாசலிலேயே மகளுக்கு விஷயத்தைச் சொல்லி, நாளையே அவர்கள் வீட்டுக்குச் சொல்லியனுப்பட்டுமா என்று கேட்டார்.

உமைமா லட்டை வாங்கிக்கொண்டாள். எத்தனை பந்து பறிகொடுத்தார் என்று கேட்டாள். கண்ணை மூடியிருந்ததாக அவர் சொன்னார். இடது கையால் ஒன்றாவது போட்டாரா என்று கேட்டாள். அதற்கும் அவர் கண்ணைத்தான் பொத்திக் காட்டினார்.

"ஒரு வருஷ ஒப்பந்தம்தானே அத்தா. அந்த இடது கை சரியாவட்டும். அப்புறம் பாக்கலாம்."

"புள்ள நல்ல புள்ளமா."

"நான் இல்லன்னா சொன்னேன்?"

தகப்பனார் எவ்வளவோ பேசிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் பையன் வீட்டுக்கு அவரே போய், பெண் கொஞ்சம் யோசிக்கிறாள் என்று சங்கடத்தோடு சொன்னார். சுஹைப் சங்கடப்படவில்லை. அவள் சொல்வது சரிதான் மாமா, வல்லரசு சாரும் அதையேதான் சொல்கிறார் என்றான்.

இடது கைக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஒன்பதாம் மாதம் உமைமா, கம்பெனி ஆட்டங்களையும் குறித்துவந்த நோட்டை ஒருநாள் முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, சரி என்றாள். நிச்சயத்தன்று சுஹைப்பின் பெரியப்பா ஒருவர், சும்மா பேச்சுக்கு, மாப்பிள்ளை எப்படி என்று காஜா மொய்தீனிடம் கேட்டுவிட்டார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையிலிருந்து தொடங்கினார். முக்கால் மணி நேரம் கழித்து, பிரியாணி ஆறுகிறது என்று ஜெரினா வந்து கூப்பிட்டபோது அவர் இடது கைக்கு வந்திருந்தார்.